அடுத்த அறையில் இருந்தவள்

ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இஸ்திரி போடும் ரோலரிலிருந்து சுடச்சுட வெளியே வரும் துணியின் இரண்டு மூலைகளை ஒருத்தி பிடிப்பாள், மற்ற இரண்டை இன்னொருத்தி. கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு உதறு. பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நாலு எட்டு நடந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. பழகிய ஜோடிக்கு வாய் திறக்கவே தேவையில்லை.

எங்கள் லாண்டரியில் அப்படிப் பழகிய ஜோடி ஒரு அண்ணியும் அவளுடைய நாத்தனாரும். நாத்தனாரை அவள் வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவள் நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மற்றவள் எங்கள் எல்லோருக்கும் அண்ணியாகிப் போனாள். அவளைவிட இருபது வயது மூத்த எங்கள் மேற்பார்வையாளர் அம்மாகூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் நீராவி. கோபம் வந்தால் முதலில் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும், அப்புறம்தான் பேச்சு வரும்.

நான் ரோலரில் துணியை உள்ளே விடுகிறவள். ரோலருக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் நிற்பார்கள். ஐந்து வருஷமாக அந்த முகங்களை எதிரே வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். ஆனாலும் எனக்குப் புலப்பட்டது ரொம்பக் கொஞ்சம்.

அண்ணியின் புருஷன், அதாவது சின்னவளின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்கம்மா, மூச்சை மெதுவா இழுத்து விடுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டே இருப்பாராம். தங்கமான மனுஷன் என்பார்கள். என் வீட்டுக் கட்டடத்தில் ஒரு தடவை நானே மாட்டிக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டுத்தான் தைரியமானேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. காயாத துணியெல்லாம் ரோலருக்கே வந்து குவிந்திருந்தது. முதல் விரிப்பு வெளியே வந்தது. சின்னவள் கையைத் தூக்கினாள். அண்ணியின் வலது கை மேலே போனது. இடது கை இடுப்போடு நின்றுவிட்டது. விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது.

"உஸ்" என்று சத்தம் கேட்டது. நீராவி வந்துவிட்டார்.

"என்ன அண்ணி, காலங்காத்தாலயே தூக்கமா? மறுபடி துவைக்கப் போடணும் பாரு அதை."

"இல்லக்கா, கை கொஞ்சம்..."

"கைக்கு என்ன?"

"படியில விழுந்துட்டேன்."

நீராவி கிட்டே போனார். ரவிக்கைக் கைக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்த இடத்தைப் பார்த்தார். தொடவில்லை. அவர் சத்தம் போடாமல் நின்றதே எங்களுக்குப் பயமாக இருந்தது.

"போன மாசம் உதடு கிழிஞ்சு வந்த. அதுவும் படி. கோடையில கண்ணு வீங்கி வந்த. அதுவும் படி. ஒரு மனுஷி எத்தனை தடவைதான் அதே படியில விழுவா? நியாயமாப் பாத்தா அந்தப் படி மேலதான் கேஸ் போடணும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி குனிந்து, நல்ல கையால் விரிப்பைச் சுருட்டி எடுத்தாள். எனக்கு அப்போது சின்னவளின் முகம்தான் கண்ணில் பட்டது. இருபத்துநாலு வயதுப் பெண். வெறும் கையைக் காற்றில் அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

நான் ரோலரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "நீயும் அந்த வீட்லதானேடி இருக்க?"

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

*

நீராவிதான் வற்புறுத்தி அனுப்பினார். நாங்கள் துணி துவைத்துக் கொடுக்கும் அதே ஆஸ்பத்திரி. நடந்தே போகிற தூரம். அண்ணியோடு சின்னவளும் நானும் போனோம். படம் எடுத்தார்கள். முழங்கைக்கு மேலே எலும்பில் விரிசல். கட்டுப் போடும்போது ஒரு நர்ஸ் திரையை இழுத்து மூடிவிட்டு, ஒரு தாளை வைத்துக்கொண்டு சாதாரணமாகப் பேசுகிற குரலில் கேட்டாள்.

"இது எல்லார்கிட்டயும் கேக்குறதுதாங்க. வீட்ல உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கா?"

"இருக்குங்க" என்றாள் அண்ணி.

"யாராவது அடிக்கிறது, மிரட்டுறது..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. படியில..."

"இல்ல" என்றாள் சின்னவள்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"பாதுகாப்பா இல்லைங்க. படியெல்லாம் இல்ல. எங்க வீடு கீழ்த்தளம், எங்க வீட்டுக்குப் படியே கிடையாது."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி அவளைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அதில் நன்றி கொஞ்சமும் இல்லை.

நர்ஸ் அவசரப்படவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, கட்டை முடித்துவிட்டு, பெண்களுக்கான உதவி மையத்திலிருந்து ஒரு அம்மா இதே கட்டடத்தில் இருக்கிறார், பேச விருப்பமா என்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி தலையசைத்தாளா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் அந்த அம்மா வந்தார். குள்ளமாக, தோளில் ஒரு பெரிய பையோடு, எங்களைப் போலவே பஸ் பிடித்து வேலைக்கு வருகிறவர் மாதிரி இருந்தார். நாற்காலியை இழுத்து அண்ணிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் உங்களை இதைச் செய்யுங்க, அதைச் செய்யுங்கன்னு சொல்ல வரல. என்னென்ன வழி இருக்குன்னு சொல்றேன். எதைப் பண்றதுன்னு நீங்கதான் சொல்லணும். வீட்டுக்குப் போறேன்னு நீங்க சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். என் நம்பர் அப்பவும் இதேதான்."

போலீஸில் புகார் கொடுப்பது, கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்பது, அதுவரைக்கும் தங்க ஒரு இல்லம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். சுவரில் ஒரு கடிகாரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்.

"என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறா. மூணு மணிக்கு ஸ்கூல் விடும். அவர் வர்றதுக்குள்ள அவளைக் கூட்டிட்டு வந்துரணும். அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

அவ்வளவுதான். ஏழு வருஷக் குடும்பம் அந்தக் கேள்வியோடு முடிந்தது.

எங்கள் லாண்டரி வேன்தான் போனது. அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் அந்தக் குழந்தை உட்கார்ந்து வந்தது. "அம்மா, நாம துணியா?" என்று கேட்டதாம். வேன்காரர் அன்று அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

*

மறுநாள் காலையில் அவர் வந்தார். அந்தத் தங்கமான மனுஷன். துவைத்த சட்டை, வாரிய தலை. கையில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பை நிறைய பன்.

"அக்கா, வணக்கம்" என்றார் நீராவியிடம். "வீட்ல ஒரு சின்ன மனஸ்தாபம். அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லைங்க. டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

அதே குரல். லிஃப்டுக்கு வெளியே நின்று என்னிடம் பேசிய அதே குரல். 

"இங்க இல்ல தம்பி" என்றார் நீராவி. "வெளியாளுங்க உள்ள வரக் கூடாது. மெஷின் ஓடுது. கை மாட்டிக்கும்."

"நானே மெஷின் ஆளுதானேக்கா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஒரு எட்டு வைத்தார்.

யார் முதலில் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஈரத் துணி ஏற்றிய ட்ராலி ஒன்று சத்தமில்லாமல் உருண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றது. அப்புறம் இன்னொன்று. துண்டு மடிக்கிற மேசையிலிருந்து ஒன்று, உலர்த்தும் பக்கத்திலிருந்து ஒன்று. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. அவரவர் வேலை பார்க்கிற மாதிரி தள்ளிவிட்டுப் போனார்கள். ஒரு நிமிஷத்தில் வாசலிலிருந்து ரோலர் வரைக்கும் ட்ராலியாக நின்றது. ஆள் நுழைய இடமில்லை.

அவர் ட்ராலிகளுக்கு மேலாகத் தங்கையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"சின்னவளே. வா. வீட்டுக்குப் போகலாம்."

ரோலரிலிருந்து வந்த விரிப்பின் இரண்டு மூலைகளை அவள் பிடித்தாள். நான் ரோலரை விட்டுவிட்டு அவளுக்கு எதிரே போய், அண்ணி நிற்கிற இடத்தில் நின்றுகொண்டேன்.

"ஷிஃப்ட் முடியலண்ணா" என்றாள். "எட்டு மணி நேரம் இருக்கு."

பன் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். அதை ஒருத்தியும் தொடவில்லை. எங்கள் லாண்டரியில் சாப்பாட்டுப் பொருள் வீணாய்ப் போனது அந்த ஒரு நாள்தான்.

*

கோர்ட்டில் தேதி கொடுத்தார்கள். நாற்பது நாள் கழித்து. சின்னவள் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் பிறகு என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் அம்மா பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாள்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம். அண்ணன் வெளியே போயிருந்தாராம்.

"சாட்சி சொல்லப் போறியாமே?"

"ஆமாம்மா."

"அவன் உன் கூடப் பொறந்தவன்டி."

"தெரியும்."

"தெரியுமா? அப்பா போனதுக்கப்புறம் உன்னைப் படிக்க வச்சது யாரு? டைஃபாய்டு வந்து கெடந்தப்ப ஆட்டோ கிடைக்காம உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாரு? மழையில, செருப்புகூட இல்லாம?"

"அண்ணன்தான்."

"உன்னை ஒரு அடி அடிச்சிருப்பானா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்னடி?"

"கோர்ட்ல அதையும் கேட்டா அதையும் சொல்லுவேம்மா. தோள்ல தூக்கிட்டு ஓடினதையும் சொல்லுவேன். பொய் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "ஊர்ல எந்த வீட்ல இல்லாதது? உன் அண்ணி மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா..."

"அவங்க வாயைத்தாம்மா மூடிட்டு இருந்தாங்க. ஏழு வருஷமா. நாமளும்தான் மூடிட்டு இருந்தோம். என்ன ஆச்சு?"

அம்மா அழுதார். வெங்காயத்துக்கா மகனுக்கா என்று தெரியவில்லை என்றாள் சின்னவள். அன்று சாயங்காலமே ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் வீடு ஒரே அறை. கட்டில் எனக்கு, தரை அவளுக்கு என்று பேசி, மறுநாளிலிருந்து மாற்றி மாற்றிப் படுத்தோம்.

அண்ணி மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்து தலையணை உறைகளை எண்ணி வைக்கிற வேலையை நீராவி அவளுக்குக் கொடுத்தார். இல்லத்துச் சாப்பாடு பரவாயில்லை, பாப்பா அங்கே இரண்டு தோழிகளைப் பிடித்துவிட்டாள் என்றெல்லாம் எங்களிடம் பேசினாள். சின்னவளிடம் மட்டும் பேசவில்லை. டீ வேளையில் சின்னவள் தானே போய் அவள் முன்னால் நின்றாள்.

"அண்ணி, என் மேல கோவமா?"

"கோவம்தான்" என்றாள் அண்ணி, உறையை எண்ணுவதை நிறுத்தாமல். "ஆஸ்பத்திரியில நீ 'இல்ல'ன்னு சொன்னியே, அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இந்த வார்த்தை இவ்வளவு நாளா இவகிட்டயே இருந்திருக்கு, இத்தனை நாள் இதை எங்க வச்சிருந்தான்னு தோணுச்சு. நீ அடுத்த ரூம்லதான் இருந்த. ஒரு சுவர்தான் நடுவுல."

"மன்னிச்சிருங்க அண்ணி."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எனக்கே எப்ப வரும்னு தெரியல. நீ முதல்ல கோர்ட்ல சத்தமா பேசு. உனக்கு எப்பவுமே குரல் பத்தாது. ஜட்ஜுக்குக் கேக்கணும்." பிறகு தட்டிலிருந்து பிஸ்கட் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தாள். "சாப்பிடு. எலும்பும் தோலுமா நிக்குற. அந்த ரோலர் அக்கா உனக்கு ஒண்ணும் போடுறதில்லையா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் சின்னவள் சிரித்துவிட்டாள், நானும் அவளோடு சேர்ந்து அன்றைக்குச் சிரித்துத் தொலைத்தேன்.

*

வழக்கை நடத்தியது உதவி மையத்து வக்கீலம்மா. ஒரு சனிக்கிழமை என் அறைக்கே வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தத் தேதி, என்ன கிழமை, என்ன நடந்தது. சின்னவளுக்குத் தேதி ஒன்றும் நினைவில்லை.

"அப்ப நீ என்ன பண்ணிட்டு இருப்ப? அதையாவது சொல்லு. சமையலா, படிப்பா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "டிவி சத்தத்தைக் கூட்டுவேன்."

"என்னது?"

"சாதாரணமா பன்னெண்டுல இருக்கும். அந்த ரூம்ல சத்தம் ஆரம்பிச்சதும் அம்மா என்னைப் பாப்பாங்க. நான் கூட்டுவேன். முப்பது, நாப்பது. பாட்டா இருந்தாலும் சரி, நியூஸா இருந்தாலும் சரி. பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு, அவ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு டிவி பாப்போம். எல்லாம் முடிஞ்சதும் பழையபடி பன்னெண்டு."

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். 

"மாடி வீட்டு வாத்தியார் சண்டைக்கு வருவார்" என்றாள் அவளே. "காது கிழியுது, சத்தத்தைக் குறைங்கன்னு. கீழ வாட்ச்மேன்கிட்ட புகார் நோட்டு இருக்கு. அதுல எழுதி வச்சுட்டுப் போவார். டிவி சத்தம் தாங்கலன்னு."

வக்கீலம்மா கட்டிலிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "எழுதுவாரா? தேதி போட்டா?"

"வாத்தியாராச்சே. தேதி, மணி எல்லாம் போட்டு, அடியில சிவப்பு மையில கோடு போடுவார்."

அந்த நோட்டு கிடைத்தது. ஏழு வருஷத்தில் பதினான்கு புகார்கள். வக்கீலம்மா அதை எடுத்துக்கொண்டு நேராக லாண்டரிக்கு வந்து, எங்கள் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். நீராவி அலமாரியைத் திறந்து, ஏழு வருஷப் பதிவேட்டையும் தூசி தட்டி மேசையில் அடுக்கினார். இரண்டு பேரும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். வாத்தியார் டிவி சத்தத்தைப் பற்றி எழுதிய பதினான்கு தேதிகளில் பதினொன்றுக்கு அடுத்த நாள் அண்ணி வேலைக்கு வரவில்லை.

"உஸ்" என்றார் நீராவி. அதற்கப்புறம் பேச்சு வரவில்லை.

*

விசாரணையன்று நீராவி ரோலரை நாள் முழுக்க நிறுத்திவிட்டார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாயிற்று. நாங்கள் பதினாறு பேர் கோர்ட்டின் பின்வரிசை பெஞ்சுகளை நிரப்பினோம். சின்னவளின் அம்மா மகனுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

நீதிபதிக்கு ஜலதோஷம். ஒரு ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடித்தார். அண்ணி முதலில் பேசினாள். கொஞ்சம்தான் பேசினாள். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கை எப்படி உடைந்தது என்பதை, சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி, முதலில் இது, அப்புறம் இது என்று சொன்னாள். ஒரு தடவைகூட அவள் புருஷன் பக்கம் திரும்பவில்லை.

பிறகு சின்னவள் கூண்டில் ஏறினாள். அண்ணனுடைய வக்கீல் சிரித்த முகமாக எழுந்தார்.

"உங்களுக்கும் உங்க அண்ணிக்கும் சண்டையே வந்தது இல்லையாம்மா?"

"நிறைய வந்திருக்குங்க."

"எதுக்கு?"

"சோப்புக்கு. பாத்ரூமுக்கு. என் சீப்பை எடுத்துட்டு வைக்க மாட்டாங்க."

பெஞ்சுகளில் சிரிப்பு. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அவங்களை உங்களுக்கு அவ்வளவாப் பிடிக்காது. உங்க அண்ணன் உங்களைப் படிக்க வச்சவர். உங்களை அடிச்சதே இல்ல."

"இல்லைங்க. எனக்கு டைஃபாய்டு வந்தப்ப தோள்ல தூக்கிட்டு ஓடினாருங்க. செருப்புகூட இல்லாம."

வக்கீலுக்கே ஆச்சரியம். "அப்புறம் ஏன் அவருக்கு எதிரா நிக்குறீங்க?"

"அது எனக்குச் செஞ்சதுங்க. இது அண்ணிக்குச் செஞ்சது. அதைச் சொன்னா இது இல்லன்னு ஆயிருமா? நாங்க எவ்வளவோ சண்டை போட்டிருக்கோம். யாருக்கும் கை உடைஞ்சது இல்லைங்க."

அந்தக் குரல் பின்வரிசை வரைக்கும் கேட்டது. அண்ணி தன் நல்ல கையால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலின் முகத்தில் சிரிப்பு போனது. "ஏழு வருஷம் அடுத்த ரூம்ல இருந்தீங்க. உண்மையிலேயே அடிச்சிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்கணும். அப்ப எல்லாம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க." அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாமே கேட்டுச்சு. கேக்கக் கூடாதுன்னுதான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். பயம். அண்ணனைப் பிடிக்கும். ரெண்டும்தான். சொல்லாதது என் தப்புங்க. அந்தத் தப்பு இருக்கட்டும். அதுக்காக நடந்தது நடக்கலன்னு ஆகாது."

எங்கள் வக்கீலம்மா எழுந்து புகார் நோட்டையும் வருகைப் பதிவேடுகளையும் மேசை மேல் வைத்தார். ஒரு தேதியை வாசிப்பார்: இத்தனை மணிக்குக் கீழ் வீட்டில் டிவி சத்தம் தாங்கவில்லை. அடுத்த நாளை வாசிப்பார்: வேலைக்கு வரவில்லை. இன்னொரு தேதி. இன்னொரு வரவில்லை. நாலாவது தேதிக்கெல்லாம் நீதிபதி ஃபிளாஸ்கை மூடி வைத்துவிட்டார். பதினொன்றும் வாசித்து முடித்தபோது, சாட்சிகள் வரிசையில் உட்கார்ந்திருந்த மாடி வீட்டு வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"நான் டிவின்னுதான் நெனச்சேன்" என்றார். "ஐயா, நான் டிவின்னுதான் நெனச்சேன்."

உட்காருங்கள் என்று கையசைத்தார் நீதிபதி. அதட்டவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் தலையை ஆட்டினார், இனி ஒன்றும் கேட்பதற்கில்லை என்பது போல.

உத்தரவு அன்று மத்தியானமே வந்தது. நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். புருஷன் மனைவியையோ குழந்தையையோ அடிக்கவோ மிரட்டவோ பின்தொடரவோ கூடாது. மூன்று நாளில் வீட்டிலிருந்து வெளியேற வேண்டும். வீட்டுக்கும் லாண்டரிக்கும் பள்ளிக்கும் நூறு மீட்டருக்குள் வரக் கூடாது. அடித்ததற்கான வழக்கு தனியாக நடக்கும். கடைசியாக ஒரு வரி: "மனுதாரர் அந்த வீட்டில் அச்சமின்றி வசிக்க உரிமை உடையவர்."

தாளை மூடப் போனார். அண்ணி எழுந்து நின்றாள்.

"ஐயா, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசிப்பீங்களா?"

"கேக்கலையாம்மா? எனக்குத் தொண்டை சரியில்ல."

"கேட்டுச்சுங்க ஐயா. இன்னொரு தடவை கேக்கணும் போல இருக்கு."

நீதிபதி அவளைப் பார்த்தார். வெந்நீரை ஒரு வாய் குடித்தார். தாளை மறுபடி பிரித்து, இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக, ஜலதோஷத்தையும் மீறிய ஒரு குரலில் வாசித்தார். மனுதாரர். அந்த வீட்டில். அச்சமின்றி. வசிக்க. உரிமை உடையவர்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் நீராவி அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார். கட்டுப் பிரித்த கை வலிக்கிறது என்று அண்ணி கத்தினாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். சிப்பந்தி வந்து, இது கோர்ட்டா சந்தைக்கடையா என்றான். "இன்னைக்கு ரெண்டும்தான்டா" என்றார் நீராவி.

சின்னவள் தூணோரமாகத் தனியே நின்றாள். அவள் அம்மா எங்களைக் கடந்து போனார். அவளைப் பார்த்தார், நிற்கவில்லை. அண்ணி அதைக் கவனித்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"துணியை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா."

"நானா? அண்ணி, நான்..."

"பாப்பாவை ஸ்கூலுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? நானா, உடைஞ்ச கையோட? சீப்பு சண்டையை அங்க வச்சுக்கலாம்." பிறகு மெதுவாக, "நல்லா கேட்டுச்சு. பின்னாடி வரைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

*

மூன்றாம் நாள் அவர் பெட்டியோடு கிளம்பினார். அம்மாவும் மகனோடு போனார். போகிற கோபத்தில் குக்கரை எடுத்துக்கொண்டவர் அதன் வெயிட்டை மறந்து அடுப்படியிலேயே விட்டுவிட்டார். சின்னவள் அதைக் கழுவித் துடைத்து, தாளில் சுற்றி, வேன்காரரிடம் கொடுத்தனுப்பினாள். அம்மா வாங்கிக்கொண்டாராம். "அவ சாப்பிடுறாளா?" என்று மட்டும் கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை அண்ணியும் பாப்பாவும் வீடு திரும்பினார்கள். சனிக்கிழமை முழுக்க அண்ணியும் சின்னவளுமாக வீட்டைக் கழுவினார்கள் என்று கேள்விப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பழம், பிஸ்கட், நல்லதாய் ஒரு மேசை விரிப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு, நாங்கள் பதினாறு பேரும் பார்க்கப் போனோம். நீராவி கதவைத் தட்டினார். அவர் தட்டினால் கட்டடமே தட்டுவது போல இருக்கும்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. பாப்பா நின்றாள். இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"தட்டாதீங்க. அம்மா தூங்குறாங்க."

"பதினொரு மணிக்கா? நாங்க எல்லாம் வந்திருக்கோம்னு எழுப்பு கண்ணு" என்றார் நீராவி.

"எழுப்பக் கூடாது. நேத்து சாயங்காலம் விளக்கு வைக்கிறப்பவே படுத்தாங்க. இன்னும் எந்திரிக்கல. நான் மூணு தடவை போய்ப் பாத்தேன். மூச்சு வருது."

அவளுக்குப் பின்னால் சின்னவள் குதிகாலைத் தரையில் வைக்காமல் நடந்து வந்தாள். உதட்டில் விரலை வைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

"இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லக்கா" என்றாள், காற்றாக. "குப்புறப் படுத்து, கையைக் காலைப் பரப்பி. கட்டில் முழுக்க."

நாங்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டோம். வாத்தியார் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் தன் வீட்டு மிதியடியை எடுத்து வந்து நீராவிக்கு உட்காரப் போட்டுவிட்டு, நுனிக்காலில் திரும்பிப் போனார். அண்ணிக்கு வாங்கிய பழத்தை நாங்களே உரித்துச் சாப்பிட்டோம். நீராவிக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் யாராவது ஒருத்தி அவர் வாயில் ஒரு சுளையைத் திணித்தாள்.

கால் மணிக்கு ஒரு தரம் பாப்பா வாசலுக்கு வந்து அறிவித்தாள்.

"இன்னும் தூங்குறாங்க."

ஒவ்வொரு தடவையும் நாங்கள் பதினாறு பேரும், உள்ளங்கைகள் ஒன்றோடொன்று படாமல், சத்தமே வராமல் கைதட்டினோம். பாப்பா மகாராணி மாதிரித் தலையசைத்துவிட்டு உள்ளே போவாள்.

மணி ஒன்றானது. இரண்டானது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.